வலைத்தளத்தில் ஊர் எது, சேரி எது?

ஒவ்வொரு சாதிக் கலவரத்துக்குப் பிறகும், ஒவ்வோர் ஆணவக் கொலைக்குப் பிறகும் இரண்டு குரல்கள் தவறாமல் எழுகின்றன. ‘எல்லாம் இந்தச் செல்போன் செய்த வேலை, பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது’ என்பது ஒன்று. ‘கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம்; கருவி என்ன செய்யும், பயன்படுத்துபவரைப் பொறுத்தது’ என்பது இன்னொன்று. முதல் குரல் சாதியைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. இரண்டாவது குரல், அந்தக் கருவியைச் செய்து விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனத்தை இறக்கிவிடுகிறது. இரண்டையும் நம்பினால் கடைசியில் கூண்டில் யாருமே இருக்க மாட்டார்கள்.

ஒரு தொழில்நுட்பம் எந்தச் சமூகத்துக்குள் நுழைகிறதோ, அந்தச் சமூகத்தின் உறவுகளை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்ட உறவுகளைக் கொஞ்சம் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. அந்த மாற்றம் யாருக்குச் சாதகமாக அமைகிறது என்பதுதான் அரசியல். சமூக வலைத்தளங்களையும் சாதியையும் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ரயிலும் பேருந்தும் சொல்லும் பாடம்

1853இல் இந்தியா குறித்து எழுதிய கார்ல் மார்க்ஸ், ரயில்வேயும் அதன் பின்னால் வரும் நவீனத் தொழிலும் சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். ரயில் வந்தது. எல்லாச் சாதியினரும் ஒரே பெட்டியில் ஏறி உட்கார வேண்டிய நிலையும் வந்தது. அது சிறிய மாற்றமல்ல. ஆனால் அதே ரயில் நிலையத்தின் உணவு விடுதியில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று தனித்தனி இடங்கள் இருந்தன. தண்டவாளம் சேர்த்து வைத்தவர்களைச் சாப்பாட்டு மேசை பிரித்து வைத்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் தொடர்ந்து எதிர்த்த பிறகு, 1941இல்தான் தென்னிந்திய ரயில்வேயில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ரயில் தானாக அதை ஒழிக்கவில்லை, போராட்டம் ஒழித்தது.

பேருந்தின் கதை இன்னும் அண்மையது. 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று போரிட்ட ஒரு தேவேந்திரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன, தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. முடிவில் அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மொத்தமாக நீக்கியது. அதே எஞ்சின், அதே சக்கரம், அதே கட்டணம். பக்கவாட்டில் எழுதியிருந்த ஒரு பெயர் மட்டும் சாதி மனதுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பின்னணியோடுதான் நம் கையிலிருக்கும் கைபேசியைப் பார்க்க வேண்டும்.

சாதியே ஒரு வலைப்பின்னல்

1916இல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையின் மையக் கருத்து நம் எல்லோருக்கும் தெரியும்: சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. சாதி என்பது தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஒரு குழு. உள்ளே இருப்பவர்களுக்குள் உறவு அடர்த்தியாக இருக்கும். வெளியே செல்லும் கதவு சாத்தியிருக்கும். இன்றைய கணினி மொழியில் சொன்னால், சாதி ஒரு மூடிய வலைப்பின்னல். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, விதியை மீறியவரை எப்படித் தண்டிப்பது என்பதெல்லாம் பல நூற்றாண்டுகளாக எழுதி ஓட்டப்பட்டுவரும் வலைப்பின்னல்.

சமூக வலைத்தளங்கள் வளரும் முறையைப் பாருங்கள். வாட்ஸ்அப் உங்கள் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் எண்களைக் கொண்டு தொடங்குகிறது. ஃபேஸ்புக் உங்கள் நண்பர்களின் நண்பர்களை ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டுகிறது. ஊரும் சேரியும் தனித்தனியாகக் குடியிருக்கும் நாட்டில், பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதிக்குள்ளேயே நடக்கும் நாட்டில், ஒருவருடைய கைபேசியில் யாருடைய எண்கள் இருக்கும்? மாமன், மச்சான், பங்காளி, தெருக்காரர், சங்கத்துக்காரர். அந்த நிரல் சாதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை. நாம் கொடுத்த உறவுப் பட்டியலிலேயே சாதி இருந்தது.

அமெரிக்க வழக்கப்படி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துத்தான் ஃபேஸ்புக் வந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பிறகு தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுவது பொது வழக்கமானது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்களிடம் படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்டது. பலர் அப்பா பெயரை எழுதினார்கள். சிலர், தாத்தா உதறிய சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். ஃபேஸ்புக் அவர்களைச் சாதி எழுதச் சொல்லவில்லை. எழுத ஓர் இடம் கொடுத்தது. ஆசை இங்கே ஏற்கெனவே இருந்தது.

திருமணத் தளங்கள் இதைவிட வெளிப்படையானவை. சென்னையில் வேர் கொண்ட ஒரு திருமணத் தள நிறுவனம் சாதிக்கு ஒரு தளம் என்று நூற்றுக்கணக்கில் நடத்துகிறது. சாதி, உட்பிரிவு, கோத்திரம் என்று வரிசையாகத் தேர்வுப் பட்டியல் விரிகிறது. தரகர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த சாதி, கடல் தாண்டிய தரவுத்தளமாக வளர்ந்துவிட்டது. 2011–12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், சாதி மாறித் திருமணம் செய்தவர்கள் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். முன்பு உள்ளூரில் வரன் கிடைக்காவிட்டால் பிரிவு தாண்டி யோசிக்க வேண்டிய நெருக்கடியாவது இருந்தது. இன்று அதே உட்பிரிவில் கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளரை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிடலாம்.

திருச்செங்கோட்டின் இரண்டு பதிவுகள்

தொழில்நுட்பம் சாதியை என்ன செய்தது என்பதைப் பார்க்க, திருச்செங்கோட்டின் ஏழெட்டு மாத வரலாறு போதும்.

2014 டிசம்பரில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகக் கிளர்ச்சி தொடங்கியது. நாவல் முழுவதையும் படிக்காதவர்களிடம் சில பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தன. கடையடைப்பு, மிரட்டல், அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானப் பேச்சுவார்த்தை’. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்த அறிவிப்பு வந்த இடம் ஃபேஸ்புக். ஊர் அவரைப் பேச விடாமல் செய்தது. வலைத்தளம் அந்த மௌனத்தை உலகத்துக்குச் சொன்னது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

அந்த நாவலின் களமான அதே அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்துதான் 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவரது உடல் கிடந்தது. ஆதிக்க சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதே அவர் செய்த ‘குற்றம்’. முதன்மைக் குற்றவாளியான சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் 100 நாட்களுக்கு மேல் தலைமறைவாக இருந்தார். தலைமறைவு என்றால் சத்தமில்லாமல் இருப்பது என்றுதான் நாம் நினைப்போம். அவரோ வாட்ஸ்அப்பில் ஆடியோக்களாகப் பேசிக்கொண்டே இருந்தார். காவல்துறைக்குச் சவால், தன் சாதி இளைஞர்களுக்கு உரை என்று அவை கைபேசி கைபேசியாகப் பரவின. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் காவல்துறையிடம் சிக்குவதற்கு முன்பே தன் சாதிக்குள் நாயகனாகிவிட்டார்.

அதே வழக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆனால் கோயிலின் சிசிடிவி காட்சிகள் இருந்தன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஒரு கைபேசி கொலையாளியை நாயகனாக்கியது, ஒரு கேமரா அவனைக் குற்றவாளியாக்கியது. கேமராவுக்கு நீதி உணர்ச்சி இருந்தது என்று பொருளல்ல. அதன் பின்னால் மனம் தளராத ஒரு தாய் இருந்தார், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், இயக்கங்கள் இருந்தன, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தது. எந்தத் தொழில்நுட்பத்தின் பின்னால் எந்த அமைப்பு நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் அது பேசும்.

கோபத்துக்கு ஐந்து மதிப்பெண்

வலைத்தளங்கள் சாதியை வாங்கிக்கொண்டன என்றேன். மாற்றியும் கொடுத்தன.

முன்பு சாதிப் பெருமை பேச ஊர்த் திருவிழாவோ, குருபூசையோ, மாநாடோ வேண்டும். இன்று ஒரு பதினாறு வயதுப் பையன் தன் சாதித் தலைவரின் படம், ஓர் அரிவாள், ஒரு சினிமாப் பாட்டு இவற்றை ஒட்டி முப்பது நொடிக் காணொளி செய்துவிடுகிறான். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு பெயரில், தங்களுக்குள்ளேயே பெண் கொடுக்காத பிரிவுகளாக இருந்தவர்கள், திரையில் ஒரே நிறக் கொடியின் கீழ் ‘நம்மாளுங்க’ ஆகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்கும் இன்ஸ்டாகிராம் முகப்புப் படத்தின் நிறத்துக்கும் தொடர்பு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் அவனுடைய பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. பள்ளி வாசலில் கயிற்றை அறுத்துவிடலாம். திரையில் கட்டியிருக்கும் கயிற்றை என்ன செய்வது?

அதை அறுக்க நிறுவனங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அவர்களுடைய வருமானம் நாம் திரையில் செலவழிக்கும் நேரத்தில் இருக்கிறது. 2017 முதல் சிறிது காலம், ஃபேஸ்புக்கின் கணக்கில் ஒரு ‘லைக்’கைவிடக் கோபக் குறி ஐந்து மடங்கு மதிப்பு பெற்றிருந்தது என்பதை 2021இல் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. கோபம் வந்தால் பதிவு மேலே ஏறும். சாதியைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கோபம் இந்த மண்ணில் வேறு என்ன?

2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் இதன் விளைவைப் பார்த்தோம். ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியது. பேசியவர் யார் என்று தெரிவதற்குள் கல்வீச்சும் 144 தடையுத்தரவும் வந்துவிட்டன. யார் யாரை இழிவுபடுத்தினாலும் பொருளாக்கப்படுவது பெண்ணின் உடல் என்பதையும் கவனியுங்கள். அகமணத்தைக் காவல் காக்கும் மனம் பெண்ணைத் தன் சாதியின் சொத்தாகவே பார்க்கிறது. காதலுக்கு எதிரான பிரச்சாரத்திலும், பெண்பிள்ளையின் கையில் கைபேசி எதற்கு என்ற கேள்வியிலும் ஒலிப்பது அதே குரல்தான்.

நமக்கும் கிடைத்தது

இவ்வளவு சொன்னதால் கைபேசியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பெரிய நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஆசிரியர் நாற்காலி நமக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியதற்கு என்ன காரணமோ, அதே காரணத்துக்காகத்தான் நம் தலைமுறை வலைத்தளத்துக்கு வந்தது. ஒரு கேமராவும் யூடியூப் கணக்கும் கொண்டு ‘தலித் கேமரா’ ஆவணப்படுத்தியவற்றை எந்தப் பெரிய அலைவரிசையும் பதிவு செய்யவில்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியவை அவர் இறந்த பிறகு நூலாக வந்தன. ஓர் ஆய்வாளனாக அவர் எவ்வளவு படித்தார், எவ்வளவு யோசித்தார் என்பதற்கு அந்தப் பதிவுகளே சாட்சி. அதே வளாகத்தில் அவருடைய அமைப்பைக் குண்டர்கள் என்று இழித்து எழுதிய ஒரு ஃபேஸ்புக் பதிவிலிருந்துதான் அவர் மீதான நடவடிக்கைகளின் சங்கிலி தொடங்கியது என்பதும் வரலாறு.

ஆனால் இடம் நம்முடையதல்ல, வாடகை வீடு. வீட்டுக்காரர் யார் என்பது அவ்வப்போது தெரிந்துவிடுகிறது. 2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற பதாகையைக் கையில் பிடித்தபடி ஒரு படத்தில் நின்றார். எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மறு ஆண்டு, நீலக் குறி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று தலித், பிற்படுத்தப்பட்ட சமூகத்து எழுத்தாளர்கள் கேட்க வேண்டியிருந்தது. 2020இல், இணையத்தின் ரவுட்டர்களைச் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் மீது, தலித் பொறியாளர் ஒருவர் அங்கே சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளாக்கப்பட்டார் என்று கலிஃபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. வலைப்பின்னலைக் கட்டும் அறைக்குள்ளேயே சாதி இருக்கிறதா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிவிட்டது.

எது பொதுவெளி?

நிறுவனங்கள் மாறவே மாட்டா என்பதும் உண்மையல்ல. 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அழுத்தம் கூடியதும், அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறகு அது உலகம் முழுவதற்கும் விரிந்தது. அதுவரை ‘தொழில்நுட்பத்தின் இயல்பு’ என்று சொல்லப்பட்டது, ஒரு நிர்வாக முடிவு என்று அம்பலமானது. சமூகம் அழுத்தினால் நிரல் மாறும்.

இப்போது அழுத்த வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில், சாதி இழிவு ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் அது குற்றமாகாது என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வலைத்தளத்துக்குச் சுவர் எது? ஃபேஸ்புக் பக்கமும் பொதுப் பார்வைக்குள் வரலாம் என்று 2017இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் பதிவு குறிப்பிட்ட நபரைச் சுட்டவில்லை என்று அந்த வழக்கையே ரத்தும் செய்தது. இணையத்தில் ஏற்றப்பட்ட காணொளியை எப்போது யார் பார்த்தாலும் இழிவு நிகழ்கிறது, பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்கத் தேவையில்லை என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் யூடியூப் திறந்த வெளி. 1,024 பேர் வரை சேரக்கூடிய ஒரு சாதி வாட்ஸ்அப் குழு?

அது வீட்டுத் திண்ணையும் அல்ல, கடைத்தெருவும் அல்ல. அது ஊர். ஊர்க்கூட்டம் கூடும் மந்தையில் சேரிக்காரருக்கு இடமில்லை; ஆனால் அங்கே எடுக்கும் முடிவு சேரியின் மேல்தான் விழும். அந்தக் குழுவும் அப்படித்தான். யாரைச் சேர்ப்பது, யாரை வெளியேற்றுவது என்று அட்மின் நாட்டாமை செய்கிறார். நம்மை இழித்துப் பேசும்போது நாம் அங்கே இருப்பதில்லை. அரிவாள் மட்டும் வெளியே வருகிறது. இந்த இடத்தைத் ‘தனிப்பட்ட உரையாடல்’ என்று சட்டம் ஒதுக்கிவிட்டால், தீண்டாமை தன் புதிய ஊரைப் பாதுகாப்பாகக் கட்டிக்கொள்ளும்.

2015 திருத்தத்தில் வந்த 3(1)(u) பிரிவை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையோ வெறுப்போ வளர்க்கும் எழுத்தும் பேச்சும் படமும் அதன்படி குற்றம். ‘பொதுப் பார்வை’ நிபந்தனை அதில் இல்லை. ஒரு சமூகத்தையே குறிவைக்கும் ஆடியோ, மீம், ரீல்ஸ் எதுவானாலும் புகாரில் இந்தப் பிரிவைக் கேட்டுப் பதிய வைக்க வேண்டும். நேரம், எண், குழுவின் பெயர் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வைப்பது இன்று ஓர் இயக்கப் பணி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைச் சாக்காக வைத்து எல்லாருடைய உரையாடலையும் திறந்து பார்க்கும் சாவியை அரசிடம் கொடுக்க நாம் சம்மதிக்கக் கூடாது. பீமா கோரேகான் வழக்கில் கைதானவர்களில் ஒருவரின் கணினியில் ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டன என்று 2021இல் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று அறிக்கை தந்தது. அதே வழக்கில் ஆனந்த் டெல்டும்டே அம்பேத்கர் பிறந்தநாளன்று சரணடைய வேண்டியிருந்தது. சாவி கைமாறினால் முதலில் திறக்கப்படுவது நம் வீட்டுக் கதவாகத்தான் இருக்கும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தமிழில் வரும் சாதி வசவை, அதன் வட்டார மறைபொருளோடு புரிந்துகொள்ளும் ஆட்களை நிறுவனங்கள் வேலைக்கு வைக்க வேண்டும். அவர்களில் அந்த வசவைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்க வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை நீக்கப்பட்டது என்று சாதிவாரி வெறுப்புக்குத் தனிக் கணக்கு வெளியிட வேண்டும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கும்போது, கொலையாளியைக் கொண்டாடும் பதிவுக்கும் அதில் பிரிவு கேட்க வேண்டும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்ட பிறகும் குற்றம் சாட்டப்பட்டவரைப் புகழ்ந்து பதிவுகள் வந்தன. அடுத்த அரிவாளைப் பிடிக்கப்போகும் பையன் அவற்றுக்கு விழுந்த லைக்குகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இவை எல்லாவற்றோடும், தோழர்களே, திரைக்கு வெளியே ஒரு வேலை காத்திருக்கிறது. உங்கள் கைபேசியின் தொடர்புப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். சாதி தாண்டிய எத்தனை எண்கள் அதில் இருக்கின்றன? அவற்றில் எத்தனை பேர் வீட்டில் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள்? எத்தனை பேர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்? நாம் கொடுக்கும் உறவுகளிலிருந்துதான் வலைத்தளம் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் பட்டியல் மாறாமல் நிரலை மட்டும் மாற்றினால், சாதி அடுத்த செயலிக்குக் குடிபெயர்ந்துவிடும்.